அளந்து பார்த்த மேதை சர் ஜோசஃப் விட்வொர்த்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மேதைகள் சிலரை அவர்கள் எழுதிய நூல்களால் அறிகிறோம். சிலரை அவர்கள் கண்டறிந்த விதிகளால் அறிகிறோம். நியூட்டன் பெயரும் பாரடே பெயரும் நம் பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஆனால் தம் பெயரைத் திருகாணியின் மரையிலே பொறித்துவிட்டுப் போன ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் விடுதியில் தண்ணீர் வரும் அரை அங்குலக் குழாயைத் திருகிப் பார்த்தால் அதன் மரையில் இன்றும் 55 பாகைக் கோணம் இருக்கும். அக்கோணத்தை 1841ஆம் ஆண்டிலேயே வகுத்துக் கொடுத்தவர் சர் ஜோசஃப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியியல் மேதை.

அவர் வாழ்வில் மற்றொரு பகுதியும் உண்டு. நெடுந்தூரம் சுடும் துப்பாக்கியின் குழலுக்கு உள்விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற வினாவை முதன்முதலாக முறையான ஆய்வுக்கு உட்படுத்தியவர்களுள் தலையானவர் அவர். இவ்வுள்விட்டத்தையே 'காலிபர்' என்கிறார்கள். தேசிய மாணவர் படையில் இருக்கும் நண்பர்கள் 'பாயிண்ட் டூ டூ' துப்பாக்கியால் சுட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்குப் பொருள், குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் 0.22 பங்கு என்பதே. நானும் முகாமில் அதைத் தோளில் வைத்துச் சுட்டவன்தான். இந்த எண்ணை யார், எதற்காக, எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தேடப் புகுந்தபோதுதான் விட்வொர்த்தின் வரலாறு எனக்குக் கிடைத்தது. அதனை நம் கல்லூரித் தோழர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தாயற்ற சிறுவன்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகில் ஸ்டாக்போர்ட் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1803ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஜோசஃப் விட்வொர்த் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். 1814இல் தாய் மறைந்தபோது ஜோசஃபுக்கு வயது 10. தந்தையோ சமய ஊழியத்தை நாடிச் சென்றார். குடும்பம் சிதறியது. 14 வயதில் ஜோசஃப், டெர்பிஷையரில் தம் மாமன் நடத்திய பஞ்சாலைக்கு அனுப்பப்பட்டார். வளர்ந்து ஆலையில் பங்காளி ஆக வேண்டும் என்பது பெரியவர்களின் எண்ணம்.

சிறுவனின் எண்ணமோ வேறாக இருந்தது. ஆலையின் கணக்குப் புத்தகம் அவனை இழுக்கவில்லை; ஆலையின் இயந்திரங்கள் இழுத்தன. ஒவ்வொன்றையும் இயக்கக் கற்றான். பழுது பார்க்கவும் கற்றான். அந்த இயந்திரங்கள் எவ்வளவு ஒழுங்கற்று, அளவு பிசகிச் செய்யப்பட்டிருந்தன என்பதும் அப்போதே அவன் கண்ணில் பட்டது. 18 வயதளவில் உறவினரின் ஆலையை விட்டு வெளியேறி, மான்செஸ்டரில் சாதாரணக் கைவினைத் தொழிலாளியாகச் சேர்ந்தான். முதலாளியாகப் போகும் வழியை உதறிவிட்டுக் கூலியாளாகப் போன இளைஞனை அன்று ஊர் எவ்வாறு எண்ணியிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று தட்டுகளின் பாடம்

1825இல் திருமணம் செய்துகொண்ட விட்வொர்த், இலண்டன் சென்று ஹென்றி மாட்ஸ்லேயின் புகழ்பெற்ற தொழிற்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் ஜோசஃப் கிளெமெண்ட்டிடமும் பணியாற்றினார். சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரத்திற்கு உறுப்புகள் செய்யப்பட்டது இந்தக் கிளெமெண்ட்டின் கூடத்தில்தான்.

உண்மையான சமதளத்தை எப்படி உண்டாக்குவது? இது இலண்டன் நாட்களில் அவர் மனத்தைப் பற்றிக்கொண்ட கேள்வி. இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சரிசெய்தால் அவை சரியாகப் பொருந்திவிடும். ஆயினும் ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் இருந்தாலும் அவை பொருந்தத்தான் செய்யும்! எனவே இரண்டு தட்டுகள் போதா. மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு, முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாறி மாறி ஒப்பிட வேண்டும். மேடாக இருக்கும் இடங்களை மட்டும் கூரிய கருவியால் சுரண்ட வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று எல்லா வகையிலும் பொருந்துமானால் மூன்றும் சமதளமாகவே இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. வடிவக்கணிதத்தின் ஒரு தேற்றத்தை இரும்பில் எழுதியது போன்ற முறை இது. இம்முறையை 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முன் அவர் விளக்கினார்.

1833இல் மான்செஸ்டர் திரும்பியவர் நீராவி ஆற்றல் வசதியுடன் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துச் சொந்தத் தொழில் தொடங்கினார். கடைசல் இயந்திரம், இழைப்பு இயந்திரம், துளையிடும் இயந்திரம் என இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களே அவர் பட்டறையில் உருவாயின.

அந்நாளில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட்டில் இன்னொரு பட்டறையின் நட்டு ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டினார், அளந்தார், சராசரி கண்டார். கால் அங்குலத் திருகுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8, எல்லாவற்றுக்கும் கோணம் 55 பாகை என்று 1841இல் ஓர் ஒழுங்கை முன்வைத்தார். இருப்புப்பாதை நிறுவனங்கள் அதனை ஏற்றன. பிறகு நாடே ஏற்றது. 1956இல் சட்டம் இயற்றி நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறிய பின்னரும், குழாய் மரைகளில் மட்டும் அவர் வகுத்த வடிவம் நிலைத்து நிற்கிறது.

1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியில் மக்களை வியப்பில் ஆழ்த்தியவற்றுள் ஒன்று அவருடைய அளவுக் கருவி. ஓர் அங்குலத்தின் 10 இலட்சத்தில் ஒரு பங்கு வரை நுண்மை காட்டும் கருவிகளை அவர் செய்தார். அதன் தத்துவம் நம் ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியின் தத்துவமே. அங்குலத்துக்கு 20 மரை கொண்ட திருகு. அதனைச் சுழற்றும் 200 பற்கள் கொண்ட சக்கரம். அச்சக்கரத்தை நகர்த்தும் 250 பிரிவுகள் கொண்ட மற்றொரு சக்கரம். 20, 200, 250 ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், 10 இலட்சம் வரும்! நம் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். விட்வொர்த்தின் கருவி அதைவிட ஏறத்தாழ 400 மடங்கு நுண்மையானது. உலோகத் துண்டில் கை பட்டதனால் ஏற்படும் வெப்ப விரிவைக்கூட அதில் காணலாம்.

அரசு கேட்டதும் அவர் சொன்னதும்

1854இல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. பிரிட்டிஷ் படைக்கு என்ஃபீல்ட் என்னும் புதுத் துப்பாக்கி இலட்சக்கணக்கில் தேவைப்பட்டது. அவற்றைச் செய்யும் இயந்திரங்களை வடிவமைத்துத் தருமாறு அரசு விட்வொர்த்தை அணுகியது. வேறொரு தொழிலதிபராக இருந்தால் விலை பேசி, முன்பணம் பெற்று, வேலையைத் தொடங்கியிருப்பார்.

விட்வொர்த் ஒரு தடை எழுப்பினார். நல்ல குழல் என்பது எப்படி இருக்க வேண்டும் என்று எவருக்கும் தெரியவில்லை. ஒரே பட்டறையில் செய்த இரு துப்பாக்கிகளில் ஒன்று நன்றாகச் சுடுகிறது, மற்றொன்று சுடுவதில்லை. காரணம் கேட்டால் யாரிடமும் விடையில்லை. இந்நிலையில் இலட்சம் குழல்கள் செய்ய இயந்திரம் அமைப்பதில் என்ன பயன் என்பது அவருடைய வாதம். முதலில் ஆய்வு, பிறகே இயந்திரம் என்று உறுதியாக நின்றார். படைத்தலைவர் ஹார்டிஞ்சு பிரபு இதனை ஏற்றார். அரசுச் செலவில் மான்செஸ்டரில் விட்வொர்த்தின் இல்லத்தை அடுத்து ஒரு சோதனைக்கூடம் எழுந்தது. நீளம் 500 கெஜம், அகலம் 16 அடி, உயரம் 20 அடி. காற்றின் குறுக்கீடு இன்றி குண்டின் பாதையை அறிய வேண்டும் என்பதற்காகவே இப்படி மூடிய கூடம். கட்டி முடித்த சில நாட்களிலேயே புயல் அதனைச் சாய்த்துவிட்டது. மீண்டும் கட்டினார்கள். 1855 மார்ச்சில் சோதனைகள் தொடங்கின.

கூடத்தின் வழிநெடுக மெல்லிய தாள் திரைகள் தொங்கவிடப்பட்டன. ஒவ்வொரு திரையிலும் குண்டு இட்ட துளையைப் பார்த்து அது எங்கே தாழ்ந்தது, எங்கே விலகியது, நேராகப் பறந்ததா, புரண்டு பறந்ததா என்று கண்டறிந்தார். குண்டு புரண்டிருந்தால் துளை வட்டமாக இராது, நீண்டு கிழிந்திருக்கும். கண்ணால் காண முடியாத வேகத்தில் பறக்கும் பொருளின் வரலாற்றைத் தாளில் எழுத வைத்த உத்தி இது.

காலிபர் கணக்கு

என்ஃபீல்ட் துப்பாக்கியின் குழல் விட்டம் 0.577 அங்குலம். அதாவது 14.7 மில்லிமீட்டர். குண்டின் எடை 530 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 34 கிராம். வெடிமருந்து 70 கிரெய்ன். படைத்துறை ஒரு நிபந்தனை விதித்திருந்தது. குண்டின் எடையையும் மருந்தின் எடையையும் மாற்றக்கூடாது! மாற்றக்கூடியவை குழலின் விட்டமும், உள்ளே உள்ள முறுக்கும், குண்டின் வடிவமும் மட்டுமே.

விட்வொர்த் பல விட்டங்களைச் சோதித்து இறுதியில் 0.451 அங்குலத்தில் வந்து நின்றார். அதாவது 11.5 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் குறைத்ததில் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும்போது காற்றின் தடை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 0.451ஐ 0.577ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.61 கிடைக்கும். ஆக, எடை அதுவேயாக இருக்க, காற்றை எதிர்கொள்ளும் முகம் 100இலிருந்து 61ஆகக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு சதுர அங்குல முகத்துக்கும் பின்னால் நிற்கும் எடை 1.64 மடங்காகிவிட்டது. அப்படிப்பட்ட குண்டு தன் வேகத்தை எளிதில் இழக்காது. வேகம் குறையாததால் இலக்கை விரைவில் அடையும். விரைவில் அடைவதால் புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கவும், பக்கக்காற்று அதனைத் தள்ளவும் கிடைக்கும் நேரம் குறையும். 100 கெஜத்தில் புலப்படாத இந்த ஆதாயம் 1000 கெஜத்தில் மலைபோல் நிற்கும்.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விட்டம் குறைந்து எடை மாறாவிட்டால் குண்டு 1.64 மடங்கு நீளமாகும். நீண்ட குண்டு காற்றில் தலைகீழாகப் புரள முனையும். அதனைத் தடுக்க ஒரே வழி பம்பரம் போல் வேகமாகச் சுழலவிடுவது. என்ஃபீல்ட் குழலில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றே முறுக்கு இருந்தது. குழலின் நீளமோ 39 அங்குலம். எனவே குண்டு வெளியே வரும்முன் அரைச் சுற்றுதான் சுற்றும். விட்வொர்த் பலவகை முறுக்குகளைச் சோதித்தார். ஓர் அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற நம்ப முடியாத அளவு வரை போய்ப் பார்த்தார்! முடிவில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நிர்ணயித்தார். விட்டம், நீளம், சுழற்சி ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதும், ஒன்றைத் தொட்டால் மற்றவையும் அசையும் என்பதும் அந்த 500 கெஜக் கூடத்தில் தெளிவாயின.

அவ்வளவு வேகமாகச் சுழற்றினால் மெல்லிய ஈயக்குண்டு பள்ளங்களின் பிடியிலிருந்து நழுவிவிடும் என்று கருதிய விட்வொர்த், குழலின் உட்புறத்தையே அறுகோண வடிவில் அமைத்தார். குண்டையும் அதே அறுகோண முறுக்கில் வார்த்தார். நட்டுக்குள் போல்ட்டு செல்வதுபோல் குழலுக்குள் குண்டு சென்றது. மரை வகுத்தவரின் மனம் துப்பாக்கியிலும் மரையையே கண்டது போலும்!

1857

1857 ஏப்ரலில் ஹைத் என்னுமிடத்தில் இரு துப்பாக்கிகளும் நேருக்கு நேர் சோதிக்கப்பட்டன. ஆய்வுக்கு ஆதரவளித்த ஹார்டிஞ்சு பிரபு அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். 500 கெஜத்தில் என்ஃபீல்ட் குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடி. விட்வொர்த் குண்டுகளின் விலகல் 0.37 அடி. அதாவது முன்னது ஏறக்குறைய 27 அங்குலம், பின்னது நாலரை அங்குலம். ஆறு மடங்கு வேறுபாடு!

இந்த ஆண்டைக் கண்டதும் இந்திய மாணவர்களாகிய நமக்கு வேறொன்று நினைவுக்கு வராமற்போகாது. அதே என்ஃபீல்ட் துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாக்களைக் கடிக்க மறுத்து, அதே 1857 மே 10ஆம் நாள் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அங்கே ஒருவர் அத்துப்பாக்கியின் குறையை அடிக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார். இங்கே அதன் தோட்டா ஒரு பேரரசையே உலுக்கிக்கொண்டிருந்தது. கருவியை அளக்கலாம், கருவி மனிதர் கைக்கு வரும்போது என்ன விளையும் என்பதை எந்த அளவியாலும் அளக்க முடியாது. இதனை நாம் மறக்கலாகாது.

சோதனையில் வென்ற துப்பாக்கியைப் படை ஏற்றுக்கொண்டதா? இல்லை! 0.451 என்பது போர்த் துப்பாக்கிக்கு மிகச் சிறிய விட்டம் என்று குழுவினர் கருதினர். விலை என்ஃபீல்டைப் போல் பல மடங்கு. கரிமருந்தின் கசடு குழலில் படிந்தால் இறுக்கமாகப் பொருந்தும் குண்டை வாய்வழியே இறக்குவது கடினம். இவற்றுள் பின்னிரண்டு காரணங்களில் உண்மை உண்டு. போர்க்களத்தில் சேற்றிலும் மழையிலும் நிற்கும் சிப்பாய்க்கு வேண்டியது ஒன்று. அமைதியாக நின்று ஆயிரம் கெஜத்தில் இலக்கை அடிப்பவருக்கு வேண்டியது மற்றொன்று. ஆனால் முதற்காரணம் வெறும் பழக்கத்தின் குரல். பெரிய குழலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சிறிய குழல் அற்பமாகத் தோன்றியது.

அரசியார் சுட்ட முதற்குண்டு

படை கைவிட்டதைப் போட்டித் திடல் கைநீட்டி வரவேற்றது. 1859இல் பிரிட்டனில் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது. அதன் முதற்கூட்டம் 1860 ஜூலை 2ஆம் நாள் விம்பிள்டன் திடலில் தொடங்கியது. விட்வொர்த் துப்பாக்கி ஒன்று அசையாத தாங்கியில் பொருத்தப்பட்டு 400 கெஜத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியார் விசையோடு கட்டிய பட்டுக்கயிற்றை இழுத்தார். குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பதிந்தது. சுட்டவர் அரசியார், குறி வைத்தது விட்வொர்த்தின் அளவியல்!

அரசியார் பரிசுப் போட்டியின் முதற்சுற்று என்ஃபீல்டால் நடந்தது. 800, 900, 1000 கெஜத் தொலைவுகளுக்கான இறுதிச் சுற்றுக்கு விட்வொர்த் துப்பாக்கிகளே கொடுக்கப்பட்டன. எட்வர்ட் ராஸ் என்னும் இளைஞர் முதற்பரிசைப் பெற்றார். அன்றுமுதல் நெடுந்தூரப் போட்டித் துப்பாக்கி என்றால் 0.45 அங்குலத்தை ஒட்டிய விட்டம் என்பது ஏறக்குறைய எழுதாத சட்டமாயிற்று. ரிக்பி, கிப்ஸ், ஹென்றி முதலிய துப்பாக்கித் தொழிலாளர் யாவரும் அவ்வழியே சென்றனர்.

இத்துப்பாக்கிகள் திடலோடு நிற்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படை, விலை அதிகமான இத்துப்பாக்கிகளுள் சிலவற்றை வாங்கிக் குறிதவறாத வீரர்களிடம் கொடுத்தது. 1864 மே 9ஆம் நாள் ஸ்பாட்சில்வேனியாவில் வடபடைத் தளபதி ஜான் செட்விக்கை வீழ்த்திய குண்டு விட்வொர்த் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. தாள் திரையில் துளையிட்டு அறிந்த நுண்மை மனித உடலில் துளையிடவும் பயன்பட்டது. பின்னாளில் பீரங்கி செய்வதிலும் ஈடுபட்ட அவர் வரலாற்றை எழுதும்போது இந்த நிழலை மறைத்துவிட்டு ஒளியை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

நின்றது எது, நீங்கியது எது?

1871இல் பிரிட்டிஷ் படை மார்டினி-ஹென்றி என்னும் புதுத் துப்பாக்கியை ஏற்றது. அதன் உள்விட்டம் என்ன தெரியுமா? 0.450 அங்குலம்! அதன் முறுக்கு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மிகச் சிறியது என்று தள்ளிய எண்ணுக்கே 14 ஆண்டுகள் கழித்துப் படை வந்து சேர்ந்தது. ஆனால் அறுகோணக் குழல் அதில் இல்லை. விட்வொர்த் பெரிதும் போற்றிப் பிடிவாதமாகக் காத்த அறுகோணத்தைக் காலம் ஒதுக்கிவிட்டது. மெட்ஃபோர்ட் என்னும் மற்றொரு பொறியியலாளர், குண்டைச் சற்றுக் கடினமாக்கினால் மிக ஆழமற்ற பள்ளங்களே போதும் என்று காட்டிவிட்டார்.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடம் இதுவே. தம் விருப்பத்தால் அவர் பற்றிக்கொண்டது நீங்கியது. சோதனையால் அவர் கண்டது நின்றது. மேதையே ஆனாலும் இவ்விதிக்கு விலக்கில்லை.

புகையில்லா வெடிமருந்து வந்தபின் வேகம் பெருகியது, விட்டம் மேலும் சுருங்கியது. 1888இல் பிரிட்டிஷ் படை 0.303 அங்குலத்துக்கு இறங்கியது. நம் நாட்டுக் காவலர் தோளில் பல்லாண்டுகள் தொங்கிய 'திரீ நாட் திரீ' அந்த எண்ணின் வழிவந்ததே. இன்று நடக்கும் எஃப்-கிளாஸ் என்னும் நெடுந்தூரப் போட்டியில் டி.ஆர். பிரிவுக்கு 0.223, 0.308 என்னும் இரண்டு வகைகள் மட்டுமே அனுமதி. திறந்த பிரிவில் விட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கு உண்டு. அவர் போடும் கணக்கு எது? எடையைப் பரப்பால் வகுப்பது, நீளத்துக்கேற்ற முறுக்கைத் தேடுவது, காற்று தள்ளும் தொலைவையும் தோளில் விழும் உதையையும் நிறுத்துப் பார்ப்பது. விட்வொர்த் போட்ட அதே கணக்குத்தான்!

ஏழை மாணவருக்கு ஒரு கதவு

விட்வொர்த்துக்குச் செல்வம் குவிந்தது. 1857இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1869இல் பாரனெட் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராக மிதிக்காத அவருக்கு டப்ளினும் ஆக்ஸ்போர்டும் சிறப்புப் பட்டங்கள் வழங்கின. அவருக்கு மக்கட்பேறு இல்லை.

1868 மார்ச்சில் பிரதமர் டிஸ்ரேலிக்கு அவர் ஒரு கடிதம் விடுத்தார். ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 உதவித்தொகைகளைத் தம் சொந்தப் பொருளிலிருந்து நிறுவ முன்வந்தார். பொதுத்தேர்வில் தகுதி பெறும் எவரும் பெறலாம். ஏட்டறிவு மட்டும் போதாது, கைத்திறனும் வேண்டும். கைத்திறன் மட்டும் போதாது, ஏட்டறிவும் வேண்டும் என்ற முறையில் தேர்வு அமைந்தது. பட்டறைத் தொழிலாளி கணிதம் கற்க வேண்டும், கணிதம் கற்றவன் அரம் பிடிக்க வேண்டும் என்பது அவர் கனவு. விட்வொர்த் உதவித்தொகை இன்றும் பிரிட்டனில் வழங்கப்பட்டு வருகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று அறிவிப்புப் பலகை முன் நின்று விரலால் வரிசையைத் தடவிப் பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. எனவே அவர் செய்த இயந்திரங்கள் அனைத்தைக் காட்டிலும் இந்த ஒரு கடிதத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன். 14 வயதில் ஆலைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், தன்னைப் போன்ற சிறுவர்களுக்குத் தனக்குக் கிடைக்காத கதவைத் திறந்துவைத்தான்.

1887 ஜனவரி 22ஆம் நாள் மான்டி கார்லோவில் விட்வொர்த் மறைந்தார். டெர்பிஷையரில் டார்லி டேல் என்னும் ஊரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வத்திலிருந்து மான்செஸ்டரில் கலைக்கூடமும் பூங்காவும் எழுந்தன. மருத்துவப் பணியும் கல்விப்பணியும் வளர்ந்தன.

அன்பார்ந்த நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் விடை முன்பே தெரிந்துவிட்டால் அதற்கேற்ப அளவீடுகளை எழுதிவிடும் ஆசை நமக்கு எழுவதுண்டு. அரசே வாயிலில் வந்து நின்று இயந்திரம் கேட்டபோதும், முதலில் அளந்து பார்ப்போம் என்று சொன்ன விட்வொர்த்தை அவ்வேளையில் எண்ணிக்கொள்வோம். பெரியோர் சொன்னார்கள் என்பதற்காக ஓர் எண்ணை ஏற்கவும் வேண்டாம். பழக்கமில்லை என்பதற்காக ஓர் எண்ணைத் தள்ளவும் வேண்டாம். அளப்போம், மீண்டும் அளப்போம், அளந்து கண்டதை அஞ்சாமல் எழுதுவோம். நாம் கண்டறிவது எவருக்குப் பயன்படப் போகிறது என்பதையும் எழுதும் முன்னரே சிந்திப்போம்.